டிஷ்ஷைப் பிடித்தவன்

மூன்றாவது முறையாகப் பிரசவ அறைக்குள் தலையை நீட்டிய மெக்கானிக், இந்த முறை குளுக்கோஸ் ஸ்டாண்டையும் சேர்த்துக் கீழே தள்ளினான். உள்ளே அவன் மனைவி அந்த வலியிலும் அவனை முறைத்தாள்.

தலைப்பிரசவம். டவுனுக்குப் போகும் மலைப்பாதையை மண்சரிவு அடைத்து இரண்டு நாளாகிறது. இருப்பது இந்த இரண்டு அறை ஆஸ்பத்திரியும் ஒரே ஒரு நர்ஸும்தான். அவனுக்குக் கைகால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரிய டாக்டர் இல்லாமல் எப்படி என்று அவன் மறுபடியும் ஆரம்பித்ததும், நர்ஸ் கையுறையோடு வாசலுக்கு வந்தாள்.

"டவுன் டாக்டரம்மா உள்ளே திரையில பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. சாட்டிலைட் வழியா படம் வருது. காத்துல மேலே டிஷ் ஆடுது, படம் நிக்க மாட்டேங்குது. யாராவது அசையாம பிடிச்சுக்கணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாட்ச்மேன் ஏணியைச் சாத்தியிருந்தார்.

கூரையில் துருப்பிடித்த டிஷ் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் ஒரு வேலையா? மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து ஸ்பானரை எடுத்தான். அரைச் சுற்று முறுக்கியதும் போல்ட் உடைந்து கையோடு வந்தது. டிஷ் தலைகுப்புறச் சாய்ந்தது.

அவன் அவசரமாகப் பெல்ட்டைக் கழற்றி டிஷ்ஷைக் கம்பத்தோடு கட்டினான். டிஷ் நின்றது; பேன்ட் இறங்கத் தொடங்கியது. அதைப் பிடிக்க ஒரு கையை எடுத்தபோது பெல்ட்டின் கொக்கி தெறித்துப் போய்ப் புதரில் விழுந்தது. வேறு வழியில்லாமல் டிஷ்ஷை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதன் பின்னால் குளவி கூடு கட்டியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

கீழே மனைவி அலறினாள்.

"படம் வருதா?" என்றான். 

வாட்ச்மேன் அறைக் கதவருகே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "இப்பதான் தெளிவா வருதாம். இம்மிகூட அசையாதீங்க தம்பி."

குளவி காதில் கொட்டியது. அவன் அசையவில்லை. பேன்ட் முழங்காலுக்கு வந்தது. அசையவில்லை. டீவியில் ராக்கெட் கிளம்பும்போதெல்லாம், 'மேலே போய் என்னத்தைக் கிழிக்கப் போறானுங்க' என்று பட்டறையில் உட்கார்ந்து கேலி பேசியது நினைவுக்கு வந்தது. எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சாட்டிலைட்டிடம் மனதார மன்னிப்புக் கேட்டான். அவளையும் பிள்ளையையும் மட்டும் காப்பாத்திக் குடுத்துடு என்று கெஞ்சினான்.

திடீரென்று அலறல் நின்றது. அவன் மூச்சும் நின்றது.

பிறகு, மெல்லியதாய் ஓர் அழுகை கேட்டது. டிஷ்ஷில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவனும் அழுதான்.

ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்தபடி, வீங்கிய காதோடு இறங்கி வந்தவனிடம் நர்ஸ் மகளைக் காட்டினாள். தாயும் பிள்ளையும் நலம். டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்றான். டாக்டரம்மா திரையை விட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவள் சட்டென்று உள்ளே திரும்பினாள்.

மெக்கானிக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. வாட்ச்மேனிடம் உடைந்த போல்ட்டைக் காட்டினான். நாளைக்கே புது போல்ட் போட்டு, ஒயரையெல்லாம் மாற்றி, டிஷ்ஷைப் புதுசாக்கித் தருவதாகச் சொன்னான்.

வாட்ச்மேன் ஏணியை மடக்கினார்.

"போல்ட்டு மட்டும் போட்டுக் குடுங்க தம்பி, போதும். டிஷ்ஷு செத்து ரெண்டு வருஷமாச்சு. அடுத்த வாரம் இன்னொரு தலைப்பிரசவம் வருது, அந்தப் புருஷனை நாங்க எங்கே ஏத்துறது?"