அம்மாவின் இடதுகால் ஷூ

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா நலம், குறட்டை விடுகிறார். அண்ணன் நலம், அவனும் விடுகிறான். அம்மா அளவுக்கு மீறி நலமாக இருப்பதுதான் பிரச்சினை. நான் நலமில்லை. போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

விடிந்தால் அம்மாவுக்கு மாரத்தான். நீங்கள் உடனே போன் செய்து, ஓட வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் ஓட்டம் முடிந்து அவளுடைய கால்வலிகூடப் போயிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவர் தலையைத் தூக்கி அதை எடுக்கிற துணிச்சல் எனக்கு இருந்தால் இப்படி ஒரு கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவும் அண்ணனும் தைரியசாலிக் கட்சி. அம்மாவும் நானும் பயந்தாங்கொள்ளிக் கட்சி. பல்லி விழுந்தால் இருவரும் ஒரே கட்டிலில் ஏறி நிற்போம். அழைப்புமணி அடித்தால் அவள் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன், வந்தவர் அலுத்துப்போய்த் திரும்பும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருப்போம். கரண்ட் போனால், மெழுகுவர்த்தியை யார் எடுப்பது என்று பேசியபடியே கரண்ட் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "திருடன் வந்தாக்கூட உங்களைப் பார்த்துப் பாவப்பட்டு ஏதாவது வெச்சுட்டுத்தான் போவான்" என்று அண்ணன் சொல்வான். சொல்லட்டும். கூடச் சேர்ந்து பயப்பட ஓர் ஆள் இருந்தால் பயம் அவ்வளவு மோசமில்லை, மாமா.

அதைக் கெடுத்தது நீங்கள்தான். போன வருடம் டாக்டர் அம்மாவை நடக்கச் சொன்னார். நடக்கப் போனவளை டயர் கடை நாய் துரத்தியது. மேம்பாலம் வரை ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நாய் எப்போதோ நின்றுவிட்டிருக்கிறது. அம்மாதான் நிற்கவில்லை. லீவில் வந்திருந்த நீங்கள் மொட்டைமாடியில் பல் தேய்த்தபடி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வேகத்துக்கு நீ மாரத்தானே ஓடலாம்" என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல், ஊருக்குத் திரும்பியதும் அவள் பெயரைப் பதிவும் செய்துவிட்டீர்கள். கண்ணெதிரே புறப்படுகிற பஸ்ஸைக்கூட ஓடிப் பிடிக்காமல் அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்கிற நீங்கள்.

முதல் நாள் தெருமுனைவரை ஓடிவிட்டு வந்து வாசற்படியில் சரிந்து, "இனிமே என் பொணம்தான் ஓடும்" என்றாள், நானும் நிம்மதியாகப் பள்ளிக்குப் போனேன், மறுநாள் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், அப்புறம் மேம்பாலம், மேம்பாலத்துக்கு அப்பால் ரயில்வே கேட், அதற்கும் அப்பால் எங்கள் யாருக்குமே தெரியாத இடங்கள், நாற்காலிக்கு நாற்காலி சாக்ஸ் காய்ந்தது, ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற ஐஸ் பை உட்கார்ந்தது, அண்ணன் தூக்கக் கலக்கத்தில் வலிக் களிம்பைப் பிரஷ்ஷில் பிதுக்கிப் பல் தேய்த்துவிட்டான், அன்று தைரியசாலிக் கட்சி போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார், டயர் கடை நாயோ இப்போது துரத்துகிறதா துணைக்கு வருகிறதா என்று அதற்கே தெரியாமல் அம்மாவுடன் கேட்வரை போய்வருகிறது. இதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் ஆஸ்பத்திரியில் சலவை வேலை முடித்து வந்தவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஈரப் போர்வையை ஒரு ஆளாத் தூக்க முடியாதுங்க, ரெண்டு ஆள் போடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். போட்டுட்டாரு" என்றாள். அந்த சூப்பர்வைசர் தெருவில் எதிரே வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு அடுத்த சந்தில் நுழைகிறவள் அவள்.

போன மாதம் கரண்ட் போனது. வழக்கம்போல் கையை நீட்டினேன். அம்மாவின் கை அங்கே இல்லை. "இரு, மெழுகுவர்த்தி எடுத்துட்டு வரேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் நான் அழுதேன். ஏன்டி அழறே என்றாள். கொசு என்றேன்.

நாளை ஓடி முடித்துவிட்டால் அவள் ஒரேயடியாக அந்தக் கட்சிக்குப் போய்விடுவாள். இந்தப் பக்கம் நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். அதனால்தான் அவளுடைய இடதுகால் ஷூவை எடுத்து என் பள்ளிப் பையில் ஒளித்துவைத்துவிட்டேன். இதுதான் விஷயம்.

யாரோ எழுந்துவிட்டார்கள்.

மாமா, அது அம்மா. விளக்கைப் போடாமல் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், வாசலில் என்று துழாவிவிட்டுச் சமையலறையில் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவள்போல் போனேன்.

"ஷூ ஒண்ணைக் காணோம்டி" என்றாள்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது.

"நல்லதாப் போச்சு. காணோம்னே சொல்லிடலாம். ஒத்தை ஷூவோட யாரு ஓட முடியும்? யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்ல?"

"உனக்குப் பயமாம்மா?"

"பின்ன இல்லியா? எல்லாரும் முடிச்சு வீட்டுக்குப் போனப்புறம் நான் மட்டும் நடுரோட்டுல வந்துட்டிருந்தா? முடியாதவங்களை ஏத்திக்கப் பின்னாடியே ஒரு வேன் வருமாம். அதுல ஏறினா உள்ள இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்களும் முடியாம ஏறினவங்கதானேம்மா."

"அதுவும் சரிதான்."

"அன்னிக்கு இருட்டுல தனியாப் போனியே."

"கண்ணை மூடிக்கிட்டுல்ல போனேன்."

"சூப்பர்வைசர்கிட்ட பேசினியே."

"பேசிட்டு நேரா அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டேன். அவரு வீட்டுக்குப் போனப்புறம்தான் வெளியவே வந்தேன்."

அவள் எந்தக் கட்சிக்கும் போகவில்லை, மாமா. இத்தனை நாளும் என் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறாள். இனி ஓடவும் போவதில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

அப்போதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தேன். அவளுடைய இரண்டு பாதங்களும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் நகம் கறுத்துப்போன அந்தப் பாதங்கள் அவளுக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. நான் போய்ப் பையை எடுத்து வந்தேன்.

"இது எப்படி உன் பைக்குள்ள போச்சு?"

"அதுவும் பயந்துபோய் ஒளிஞ்சிருக்கும்."

அம்மா ஷூவைக் கையில் வாங்கி, அதன் மூக்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"பாவம். நல்லா இறுக்கிக் கட்டிக் கூட்டிட்டுப் போயிடலாம்."

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்களுக்கு மட்டும் கோபம் ஆறியதும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பயத்துடன்,
உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: மறுநாள் மாலை எழுதுகிறேன். மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனாவில் அவ்வளவு மை இல்லை. எனவே படித்துவிட்டு மறந்துவிடவும்.

அம்மா ஓடி முடித்துவிட்டாள். முடிவுக்கோட்டு வளைவில் கட்டியிருந்த பலூன்களைப் பாதி அவிழ்த்துவிட்டார்கள், அப்போதுதான் வந்தாள். பின்னால் அந்த வேன். டிரைவர் தலையை நீட்டி, "ஏறிக்கிறீங்களாம்மா?" என்று கேட்க, "வேணாங்க, பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறாள். கடைசித் திருப்பத்தில் ஒலிபெருக்கியும் கைதட்டலும் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அழைப்புமணி அடித்தால் பார்ப்போமே, அதே பார்வை. இங்கே அலுத்துப்போய்த் திரும்பிப் போக யாரும் இல்லை. நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மிச்ச தூரத்தை இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினோம்.

அப்பாவை வெகுநேரம் தேடினோம். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டாளாடா? பாருடா" என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க பாருங்கப்பா" என்றான் அவன், அவனும் முகத்தைப் பொத்தியபடி. ஆகவே எங்கள் வீட்டில் இப்போது ஒரே கட்சிதான். நீங்கள் எப்போது வந்தாலும் சேர்த்துக்கொள்வோம்.

போன் செய்ய வேண்டாம். ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மா தூங்குகிறாள். அப்பாவும் அண்ணனும் அவளுக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கிறார்கள். அழைப்புமணி அடிக்கிறது. அவர்களிடம் சாவி இருக்கிறது, இது வேறு யாரோ. பயமாகத்தான் இருக்கிறது. போய்த் திறக்கிறேன்.