தாம் அக்காவின் முகம் வரைந்த தட்டு

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய தாம் அக்கா அவர்களுக்கு,

தம்பி கியெம் ஹனோயிலிருந்து தலை வணங்கி எழுதுவது. இங்கே நான், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவரும் சுகம். தாங்களும் சுகமாக, முக்கியமாக உயிரோடு, இருக்கிறீர்கள் என்பதை நான் ஒரு நிமிடமும் சந்தேகித்ததில்லை என்று முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆறு நாளாகத் தாங்கள் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய எழுபதாம் வயது விருந்து கிடையாது, ஹனோய்க்காரர்கள் யாரும் வாசற்படி ஏறக் கூடாது என்று பக்கத்து வீட்டு லொவான் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். என்னைப் பற்றிக் கவலையில்லை. பேத்தி போங்குக்கு ஒன்பது வயது. விருந்தில் சொல்லவென்று ஒரு மாதமாக வாழ்த்துப் பாட்டு மனப்பாடம் செய்தவள், இப்போது சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஆகவே, முப்பத்தொரு வருடம் வானிலை நிலையத்தில் மழை அளந்து எழுதியவன் என்ற முறையில், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

கோடை விடுமுறை, பெற்றவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், வீட்டில் விட்டால் ஆறு வயது தூன் மீன்தொட்டிக்குள் காலை விடுகிறான் என்று இருவரையும் பஸ் ஏற்றி பாட் சாங்குக்குக் கொண்டுபோய் ஒரு பானைப் பட்டறையில் வண்ணம் தீட்ட உட்காரவைத்தேன், அன்று நிழலிலேயே முப்பத்தெட்டு டிகிரி, காற்று சுத்தமாக இல்லை, தூன் ஒரு மண் பன்றியைப் பச்சையாக்கி, பிறகு தன் முழங்கையைப் பச்சையாக்கி, பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு மாமாவின் தொப்பியைப் பச்சையாக்கினான், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போங் தங்கள் விருந்துக்குப் பரிசாகத் தங்கள் முகத்தை ஒரு முட்டை வடிவ வெள்ளைத் தட்டில் வரைந்துவிட்டாள். எங்களிடம் இருப்பது தங்கள் அடையாள அட்டைப் படம் மட்டும், அது கறுப்பு வெள்ளை, அதனால் தட்டும் கறுப்பு வெள்ளை. அந்தத் தட்டு கல்லறையில் பதிக்கிற படத்துக்காக வைத்திருந்தது என்று பட்டறைக்கார ஹுவே சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. கீழே "வூ தி தாம், 1956 – 2025" என்று எழுதியதும் பிள்ளைதான். பிறந்த வருடத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு இந்த வருடத்தை எழுதினால் என்ன அர்த்தமாகும் என்று ஒன்பது வயசுக்கு எப்படித் தெரியும்?

சுட்டெடுத்து நேரே அக்காவின் ஊரான நாம் தின்னுக்கு அனுப்பிவிடுங்கள், திடீர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விலாசம் கொடுத்துவிட்டு வந்தோம். ஹுவே நல்ல மனசுக்காரி. வருடங்களைப் பார்த்துவிட்டு, தட்டைச் சிவப்புத் துணியில் சுற்றி, ஒரு கட்டு ஊதுபத்தியும் வைத்து, "உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம்" என்று சீட்டும் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

மீதியை லொவான் சொன்னாள். தாங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்களாம், பெட்டியை அவள் வாங்கிப் பிரித்தாளாம், கால் மணி நேரத்தில் தெருவே வந்துவிட்டதாம், இரண்டு பேர் துக்கத்துக்குத் தலையில் வெள்ளைத் துணி கட்டியாகிவிட்டதாம். லொவான் அழுதுகொண்டே, "எப்பேர்ப்பட்ட மனுஷி! போன வாரம்கூட என் கீரை முத்தல்னு வாய் நிறையத் திட்டிட்டுப் போனாங்களே" என்றாளாம்.

பின்னாலிருந்து, கையில் வாத்தோடு, தாங்கள் சொன்னீர்களாம்: "இப்பவும் சொல்றேன். முத்தல்தான்."

ஒருத்தர் மயங்கி விழுந்தார் என்று கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம் எனக்குப் போன் செய்து, "டேய் கியெம், நான் எப்படா செத்தேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டீர்கள். போங் போனை வாங்கி, "நான்தான் பாட்டி எழுதினேன்" என்று தானாகவே ஒப்புக்கொண்டாள். பிள்ளை செய்த தப்பைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

தாங்கள் நூறு வயதைத் தாண்ட வேண்டும் என்று முன்னோர் பீடத்தில் ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் (ஊதுபத்தி நான் கடையில் வாங்கியது),

தம்பி
கியெம்

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்த இடத்தில் போங் கடிதத்தைப் படித்துவிட்டாள். "பொய் எழுதின கடுதாசிய நான் பெட்டில போட மாட்டேன் தாத்தா" என்கிறாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே: முகம் வரையத் தோதாக இருக்கிறதே என்று பின் அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்து வந்தவன் நான். வருடங்களை எழுதியவனும் நான். "பாட்டி இன்னும் இருக்காங்களே, கோடு எதுக்கு தாத்தா?" என்று அப்போதே கேட்டாள். "எந்தப் பதிவுக்கும் ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் வேணும், நீ சும்மா இரு" என்றேன். தாங்கள் கூப்பிட்டபோது பயந்துபோய் போனை அவள் கையில் திணித்தவனும் நான்தான். ஆறு நாளாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள், பாட்டைச் சொல்லிவிட்டு வரட்டும். நான் தெருவிலேயே நிற்கிறேன்.