பறக்கும் பல்லிக்குப் பிரசவ அறை

மனித வரலாற்றில் தாய்மைக்கு இதுவரை யாரும் செய்யாத மரியாதையைத் திருவண்ணாமலைச் சீமை செய்து முடித்துவிட்டது. தாய், பத்து கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பறக்கும் பல்லி. அதனால் என்ன? மரியாதை மரியாதைதான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் வேணு தன் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், கிணற்றை ஆழப்படுத்தியபோது உருண்டையாக ஒன்று கிடைத்தது. குழவிக்கல் என்று தூக்கிப்போடப் போனார். அதற்குள் யாரோ படம் பிடித்து அனுப்பிவிட, மறுநாளே ஜீப் வந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் செழியன் தலைமையில் 'புதைமுட்டைப் பாதுகாப்புக் குழு' கூடியது. குழு டீ குடித்தது, பக்கோடா தின்றது, இது பறக்கும் பல்லியின் முட்டையே என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்த முட்டையின் ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் என்றார் செழியன். இது கல்லு கணக்கா கீதே என்றார் வேணு. அதுதான் அறிவியல் என்று விளக்கம் கிடைத்தது. கூடவே ஒரு சால்வையும் கிடைத்தது.

இத்தனை கோடி வருஷம் கெடாத முட்டை ஒரு சித்திரை வெயிலைத் தாங்காது என்று குழு அஞ்சியது. ஊரில் ஏசி உள்ள ஒரே அறை, சுகாதார நிலையத்தின் பிரசவ அறை. முட்டைக்கும் பிரசவத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உள்ளபடியால் விதிமீறல் ஏதுமில்லை என்று முடிவானது. கட்டிலில் மெத்தை, மெத்தையில் முட்டை, வாசலில் போலீஸ்காரர்.

பௌர்ணமியன்று வேணுவின் மகள் கீதாஞ்சலிக்கு வலி எடுத்தது. நர்ஸ் கஸ்தூரி கையைப் பிசைந்தாள்.

"ரூமைத் தொறக்க ஆர்டர் இல்லண்ணே. டவுனுக்கு இட்டுனு போயிடுங்க."

"பௌர்ணமிம்மா. டவுனுக்குள்ள வண்டிய வுடுவானா?"

விடவில்லை. கிரிவலக் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலை எல்லையிலேயே தடுப்பு போட்டிருந்தார்கள். லட்சோபலட்சம் பேர் மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, கீதாஞ்சலி இரண்டு லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் பெற்றாள். முகம் தெரியாத பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளை அழ நேரமாயிற்று. நல்லவேளை, அழுதது.

மறுநாள் முட்டைக் கண்காட்சித் திறப்பு விழா. கண்டெடுத்தவர் என்பதால் வேணுவை வீடு தேடிப் போய் அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். செழியன் தழுதழுத்தார்:

"அந்தத் தாய்க்கு டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது. வெட்டவெளியில் முட்டையிட்டாள். எப்பேர்ப்பட்ட தாய்!"

கைதட்டல் அடங்கியதும் வேணு எழுந்தார்.

"எம் பொண்ணும் நேத்து அப்படித்தான் சார் பெத்தா. கல்லாப் போனாத்தான் உள்ள வுடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு."