மேற்படி ஊரின் மின்தேவை

கூட்டத்துக்கு வந்தவர்கள்: கருகிப்போன டிரான்ஸ்பார்மருக்கு நேர் எதிரே, கவிழ்த்த பால் கேன் மேல் சென்னகிருஷ்ணன். பக்கத்துக் கல்லில் வெங்கடம்மா. புளியமர நிழலில் மற்ற தோட்டக்காரர்கள். வேலியோரம் மேரிராணி. நடுவில், தொடைமேல் அட்டை வைத்து மனு எழுதும் அவள் கணவர் யேசுராஜ். சற்றுத் தள்ளி, தன் குட்டியானை லோடு வண்டியின் சீட்டில் பிரேம்குமார். மனுவைப் பேரிகை டவுன் தபாலாபீசில் சேர்ப்பது அவன் வேலை.

முதல் தடவை டிரான்ஸ்பார்மர் தானாகக் கருகியது. ரிப்பேராகி வந்த அன்று பூசணிக்காய் உடைத்து, ஊரே ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டது. கற்பூரம் அணைவதற்குள் அது மறுபடி கருகியது.

"ஒண்ணொண்ணா போடுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!" என்றார் யேசுராஜ்.

"மேலத் தோட்டத்துக்காரன் போடறப்ப நான் வேடிக்கை பாக்கணுமாப்பா?" என்றார் சென்னகிருஷ்ணன். "அத வுடு. நீ ஓசூர்ல டிரான்ஸ்பார்மர் கம்பெனியிலதான இருக்கற? ஒண்ணு எடுத்தாந்தா இன்னா?"

"அது வீடு ஒசரம் இருக்குங்க மாமா. நான் பேக்கிங் பண்றதெல்லாம் அமெரிக்காவுக்கு. அப்புறம் ஐரோப்பா, அரபு நாடு. மூணு வருசத்துக்கு ஆர்டர் நிக்குது. சின்னது செய்யறவங்களுக்குத் தகடு, கம்பிகூட கெடைக்கல."

"அமெரிக்காக்காரன் அவ்ளோ மோட்டாரா ஓட்டறான்?" என்றாள் வெங்கடம்மா.

"கம்ப்யூட்டர் ஓட்டறாங்கக்கா."

"அதுல எத்தினி ஏக்கர் பாயும்?"

கரண்ட் ஆபீசில் ஊரின் தேவையை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அடுத்தவனுக்கு அதிகமாகப் போய்விடுமோ என்று முதல் மனுவில் எல்லாரும் மோட்டாரை இரட்டிப்பாக்கிச் சொன்னார்கள். 'இவ்வளவுக்குப் பெரியதுதான் வேண்டும், காத்திருக்கவும்' என்று பதில் வந்தது. பயந்துபோய் இரண்டாவது மனுவில் பாதியாகக் குறைத்தார்கள். 'இவ்வளவுதான் என்றால் பக்கத்து ஊர் லைனே போதும்' என்று இணைத்துவிட்டார்கள். சுமை தாங்காமல் இப்போது பக்கத்து ஊரிலும் இருட்டு. குடிக்கத் தண்ணீர் கேட்டுப் போனாலும் அங்கே முகம் கொடுப்பதில்லை.

"இந்த வாட்டி உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார் யேசுராஜ். "என் ரோஜா செத்துக்கிட்டிருக்கு."

காய்ந்த செடிகளைப் பார்க்கப் பொறுக்காமல் தோட்டத்துப் பக்கம் போவதையே அவர் விட்டிருந்தார். ஷிப்ட் முடிந்தால் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தபடி, "அஞ்சு எச்.பி." என்றார்கள்.

"நமக்கு?"

மேரிராணி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதே அஞ்சுதான். எழுதுங்க."

எழுதி, உரக்கப் படித்தார்: "மேற்படி மோட்டார்கள் யாவும் மின்சாரம் வேண்டி வாய்பிளந்து காத்திருக்கின்றன."

வெங்கடம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தன் எழுத்துதான் அப்படி உருக்கிவிட்டது என்று யேசுராஜ் நினைத்துக்கொண்டார்.

டிபன் பாக்சில் மிச்சமிருந்த சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவரை ஒட்டி, பிரேம்குமாரிடம் கொடுத்தார்.

"பத்திரம்பா. ஊரு மோட்டாரோட உசுரே இதுலதான் இருக்கு."

பிரேம்குமார் கவரைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து வண்டியைக் கிளப்பினான்.

"பத்திரமா சேத்துடறேங்கண்ணா. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எல்லாரும் குடுத்த மோட்டாரயும் இதே வண்டியிலதான் பேரிகை பழைய இரும்புக்கடைக்குப் பத்திரமா சேத்தேன். கடைசியா ஏத்துனது உங்க வீட்டு அக்காவோடது."