அண்ணாச்சி ரத்தமும் என் விரலும்

நேத்து காலைல ஒரே ஒரு வேலை. வார்டுல இருக்கிற அண்ணாச்சிக்கு சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கணும்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். திருவனந்தபுரம் சாலை பஜார்ல அரிசி மொத்தக் கடை. நான் நாகர்கோவில்காரி, அதே ஊர்ல நர்ஸ். தமிழ் பேச ஆள் கிடைச்சா ரெண்டு பேருக்கும் வாய் நிக்காது.

ரத்தம் எடுத்தாச்சு. ஊசிய அப்படியே ஊசி டப்பால போட்டிருக்கணும். நானோ, "அண்ணாச்சி, பிரியாணிக்கு எந்த அரிசி நல்லது?"ன்னு கேட்டுக்கிட்டே மூடியத் திரும்ப மாட்டினேன்.

மூடி ஒரு பக்கம் போச்சு. ஊசி கிளவுஸத் தாண்டி என் விரல்ல!

மூடி மாட்டாதீங்கன்னு புதுசா சேர்ந்த நர்ஸுங்களுக்கு கிளாஸ் எடுத்ததே நான்தான். கேவலம்!

பதறிப் போய் விரலப் பிதுக்கினேன். பிதுக்கக் கூடாது. அதுவும் அதே கிளாஸ்ல சொன்னதுதான். அடுத்து ஸ்பிரிட் பாட்டில எடுத்தேன்.

"மோளே, அது அவிடெ வை!"

பாட்டில அங்கயே வைன்னு மலையாளத்துல அதட்டினது எங்க ஹெட் நர்ஸ் லீலா சேச்சி. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பைப்புக்குக் கீழ வச்சாங்க. "சோப்புப் போட்டு நல்லா கழுவு. பிதுக்காதே!"

கழுவினேன். "சின்னக் குத்துதான் சேச்சி, யார்கிட்டயும் சொல்ல வேண்டாமே?"

"டாக்டர்கிட்ட போ. இப்பத்தன்னே!"

டாக்டர் கேட்டார்: "ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கியா?"

"போட்டேன் சார்."

"போட்டது வேலை செய்யுதான்னு ரத்தத்துல பாத்தியா?"

"அது... பாக்கல சார்."

"உன் ரத்தமும் பாக்கணும், அவர் ரத்தமும் பாக்கணும். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் ரெண்டும். மருந்து வேணும்னா உடனே தொடங்கணும்."

அப்பத்தான் பயம் வந்துச்சு. வீட்டுல ஒரு வயசுப் பிள்ள. இன்னும் எங்கிட்டதான் பால் குடிக்குது.

அண்ணாச்சி சம்மதிக்கணுமே! டாக்டர் திரைய இழுத்துவிட்டு, ரகசியமாத்தான் கேட்டார். ஆனா அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"என்னது, எச்ஐவியா?"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. அந்த நேரம் பாத்து அவர் வீட்டம்மா ஃபிளாஸ்க்கோட உள்ள வந்தாங்க.

"யாருக்கு?"

"எனக்குத்தான் டெஸ்ட் எடுக்கணுமாம்!"

அம்மா ஃபிளாஸ்க்க டக்குனு வச்சாங்க. "சரக்கு எடுக்கப் போறேன், சரக்கு எடுக்கப் போறேன்னு மாசாமாசம் கொல்லத்துக்கு ஓடுனது இதுக்குத்தானா?"

"அய்யோ அம்மா, தப்பு என் மேலதான்!" நான் நடுவுல விழுந்து விரல நீட்டினேன். "அவரக் குத்துன ஊசி என்னையும் குத்திடுச்சு. யாரா இருந்தாலும் பாக்கிற டெஸ்ட்தாம்மா."

அம்மா விரலப் பாத்தாங்க. அவரப் பாத்தாங்க. "எடுக்கட்டும். ரிசல்ட் வரட்டும்."

அண்ணாச்சி சட்டைக் கையச் சுருட்டினார். "எம்புட்டு ரத்தம் வேணும்னாலும் எடுங்க டாக்டரே. ஆனா இந்தப் பிள்ள எடுக்க வேண்டாம்."

சேச்சி எடுத்தாங்க.

சாயங்காலம் வரைக்கும் நான் பச்சத்தண்ணி குடிக்கல. அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. அவருக்கு எல்லாமே நெகட்டிவ்! என் தடுப்பூசியும் ஒழுங்கா வேலை செய்யுது. மருந்து வேண்டாம்னுட்டார் டாக்டர்.

கண்ணுல தண்ணியோட ஓடிப் போய் அண்ணாச்சிகிட்ட மெதுவாச் சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்கு மெதுவாச் சொல்லுத? அவகிட்ட சத்தமாச் சொல்லு!"