ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவர வேண்டாம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாடி வீட்டு டீச்சரின் போனுக்கு நீங்கள் கூப்பிட்டு, "அத்தான் போனை எடுக்கவே மாட்டேங்கிறார், ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து அக்காவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்னு சொல்லிடுங்க" என்று சொன்னதாகத் தகவல் வந்தது. அந்தப் பயணம் தேவையில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். டீச்சர் நாளைக் காலை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார், கையிலேயே கொடுத்துவிடுவார். அவர் போனிலேயே உங்களிடம் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் என்னை இதுவரை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. கட்டடம் கட்டித் தருகிறவர், நாள் முழுக்க ஆட்களை விரட்டிப் பழகிய வாய், குறையாகச் சொல்லவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அவ்வளவுதான். என் போனை நான் ஏன் எடுக்கவில்லை என்பது கொஞ்சம் நீளமான சங்கதி. வரிசையாகச் சொல்கிறேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் என்னிடம், "அத்தான், அவங்களுக்கு வலது பக்கம் பூரா செயலில்ல. சக்கர நாற்காலி போற மாதிரி வாசல்ல சரிவு வைக்கணும், குளியலறைக் கதவை அகலமாக்கணும், சுவர்ல கைப்பிடி போடணும். ரெண்டு ஆளை அனுப்பறேன், நாலு நாள் வேலை. நீங்க எதுலயும் கை வைக்காதீங்க" என்றீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். முப்பத்து நான்கு வருடம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எத்தனை டிரைவர்கள் என் பேனா முனைக்குப் பயந்திருக்கிறார்கள்! ஒரு பலகையும் நாலு ஆணியும் எனக்குப் பயப்படாதா என்று நினைத்தேன். உங்கள் ஆட்கள் வந்தபோது வேலை முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான். அப்போது வேலை ஆரம்பிக்கக்கூட இல்லை.

முதலில் வாசலில் சரிவு. இரண்டு படிகளின் மேல் பலகைகளைச் சாய்த்து அடித்தேன். உங்கள் அக்காவை வைத்துச் சோதிக்க மனம் வராமல் நானே நாற்காலியில் உட்கார்ந்து இறங்கினேன். இறங்கினேன் என்பது சரியான சொல் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருவைக் கடந்து எதிர்வீட்டு இரும்புக் கதவில் போய் முட்டி நின்றேன். சத்தம் கேட்டு வெளியே வந்த எதிர்வீட்டுக்காரர் நாற்காலியையும் என்னையும் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். "உங்களைத்தான், சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? திரும்பிப் பார்த்தால் எங்கள் ஜன்னலில், நான் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்த உங்கள் அக்கா. ஒரு பக்க முகம்தான் அசைகிறது அவளுக்கு. அந்த ஒரு பக்கத்திலும் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது.

அடுத்து குளியலறைக் கதவு. நாற்காலியின் இருக்கையை அளந்தேன், தாராளமாகப் போகும் என்று பட்டது. சக்கரங்கள் இருக்கைக்கு வெளியே இருக்கின்றன என்பது நாற்காலி நிலைச்சட்டத்தில் சிக்கியபோதுதான் உறைத்தது. அவள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அவளை மெல்ல விடுவித்துவிட்டுக் கதவைக் கழற்றினேன், சட்டத்தை ஒரு பக்கம் அறுத்தேன். நாற்காலி இப்போது போகிறது. கதவைத்தான் திரும்ப மாட்ட முடியவில்லை. அதற்குப் பதில் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் நாள் அந்தப் போர்வைக்குப் பின்னால் அவளைக் குளிப்பாட்டும்போது வாசலில் கூரியர்காரன் குரல் கேட்டது. அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்துத் தன்மேல் இழுத்து மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள அவளுக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான், மைத்துனரே. அதையும் நான் அறுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் கைப்பிடி. டிரில் மிஷினை டீச்சர் வீட்டில் வாங்கி வந்து முதல் துளை போட்டதும் சுவர் என் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. பிளம்பர் வந்து குழாயை ஒட்டுப்போட்டு, "சார், யாரைக் கேட்டு இங்க துளைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, தலையளவுக்கு ஒரு பொந்தைச் சுவரில் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பொந்தை நானே அடைத்தேன். உள்ளே இருட்டு, குழாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? போனின் டார்ச்சைப் போட்டு உள்ளே சாய்த்து வைத்தேன். நன்றாக வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்திலேயே பலகைத் துண்டை வைத்து, சிமெண்டைப் பூசி, வழவழவென்று தேய்த்து முடித்தேன். கடைசியில் வெளிச்சம் குறைந்ததை, சாயங்காலம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தக் கூத்து. உங்கள் அக்காவின் கட்டில் குளியலறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அவளுக்கு வாயில் வருவது ஏழெட்டு வார்த்தைகள். மறுநாள் காலையில் சுவரைக் காட்டி, "மணி" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பதே கால்" என்றேன். தலையை ஆட்டி மறுபடியும், "மணி, மணி" என்றாள். "ஒன்பது பதினாறு" என்றேன். நாள் முழுக்க இதே பாடு. அவள் "மணி" என்பாள், நான் நிமிஷ சுத்தமாக நேரம் சொல்வேன், அவள் கண்ணில் நீர் முட்டும். நேரம் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, அவள் கை நீட்டிய அதே இடத்தில் ஆணி அடித்து ஒரு கடிகாரத்தை மாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் வலது காது டிப்போவின் இன்ஜின் சத்தத்திலேயே பாதி போய்விட்டது, இடது காது அதற்குத் துணை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர், "சில பேருக்குப் புத்தி தடுமாறலாம், இல்லாத சத்தம்கூடக் கேட்கலாம்" என்று சொல்லியிருந்தார் இல்லையா? அதை நினைத்து, அவளுக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதேன். இரண்டாம் நாள் டீச்சர், காணாமல்போன என் போனைத் தேடித் தர, தன் போனிலிருந்து கூப்பிட்டார். "சார், சுவர் அடிக்குது" என்றார். காதைச் சுவரில் வைத்தேன். அடித்தது. உங்கள் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. ஆக, நீங்கள் அத்தனை தடவை கூப்பிட்டதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்து சுவர் அடங்கிவிட்டது. உடைத்து எடுக்கலாம். குழாய் எங்கே போகிறது என்பது இப்போதும் எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கஞ்சியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். உடற்பயிற்சி சொல்லித் தர வருகிற பெண், "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதையாவது மெத்துனு பால்ல ஊறவச்சுக் குடுங்க, அங்கிள். எடை இறங்கிட்டே போகுது" என்றாள். உங்கள் அக்காவுக்குப் பிடித்தது எது என்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமைதோறும் ஒரு வெறும் கேக் செய்வாள், மேலே பூச்சு கீச்சு ஒன்றும் கிடையாது. சரி, நானே செய்கிறேன் என்று அவளுடைய கேக் அடுப்பைத் துடைத்து வைத்தேன். முதல் கேக்கை, டிப்போ பஸ்ஸைப் போலப் புறப்பட்டதா புறப்பட்டதா என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்ததில் அது நடுவில் குழி விழுந்து படுத்துவிட்டது. இரண்டாவதைத் திறக்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அதைக் கரி என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது நல்ல நிறத்தில் வந்தது. ஒரு துண்டைப் பாலில் ஊறவைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பினாள். மறுபடி கொடுத்தேன். கரண்டியைத் தட்டிவிட்டாள், பால் என் சட்டையெல்லாம்.

அப்போது நான் கத்தினேன், மைத்துனரே. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "ஒரு மாசமா உனக்காக நாயா அலையறேன், ஒரு வாய் தின்னா என்ன குறைஞ்சு போகும் உனக்கு? செத்துப் போகணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கத்தினேன். பதில் சொல்ல வாய் இல்லாதவளிடம் கத்தினேன். அவள் ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. "இதுல என்ன இருக்கு, நானே தின்னு காட்டறேன் பாரு" என்று அந்தக் கேக்கை ஒரு கடி கடித்தேன். பின்பல்லில் பாதி போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், குளியலறைத் தரை ஈரமாக இருந்ததால், டைல்ஸ் இடுக்கில் பூசுகிற வெள்ளைப் பொடியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பொடித்த சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் வைத்திருந்தேன். கேக்கில் போனது எது என்று பல் சொல்லிவிட்டது. அப்படியென்றால் டைல்ஸுக்குப் போனது எது? போய்ப் பார்த்தேன். குளியலறைத் தரை முழுக்க, இடுக்கு இடுக்காக, நேர்கோட்டில் எறும்பு. டிப்போவில் என் காலத்தில் ஒரு வரிசையும் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. அவள் வாசனையிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். சொல்லத் தெரியாமல் வாயை மூடியிருக்கிறாள். அதற்குத்தான் நான் அவளை அப்படிப் பேசினேன்.

அன்று முழுக்க அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் விழுந்த சனிக்கிழமை நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் விழுந்த சத்தம் இந்தக் காதுக்கே கேட்டது. "என்ன உடைஞ்சுது?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். பதில் இல்லை. பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கையெல்லாம் மாவோடு தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்பதுதான். முப்பத்து நான்கு வருடம் ஊரில் உள்ள பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறித்தவனுக்கு அந்த ஒரு நேரம் தெரியவில்லை. சத்தம் கேட்டதும் அவளிடம் ஓடினேன் என்று உங்களிடம் சொன்னது பொய்.

மறுநாள் அவளை அடுப்படிக்கே தள்ளிக்கொண்டு போனேன். டப்பாக்களை ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டினேன். வேண்டாததற்குத் தலையை ஆட்டினாள். மாவு கொட்டும்போது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, போதும் என்கிற இடத்தில் அழுத்தினாள். கலக்கும் வேகம் பிடிக்காமல் ஒரு தடவை என் கையில் அடித்தாள். கேக் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் சரிந்து வந்தது. பாலில் ஊறவைத்து நான்கு கரண்டி சாப்பிட்டாள். நான்காவது கரண்டியில் அந்த ஒரு பக்க உதடு கொஞ்சம் மேலே போனது. சிரிப்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கைப்பிடியையும் வேறு இடத்தில் மாட்டிவிட்டேன். இன்று காலை அதைப் பிடித்துக்கொண்டு அவள் பதினொரு விநாடி தானாக நின்றாள். நானே குறித்தேன். ஆகவே இங்கே எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தன் வீடுதான் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவர வேண்டாம். சும்மா பார்க்க வருவதாக இருந்தால் ஒரு மாதம் கழித்து வாருங்கள், கதவை மாட்டிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கண்ட சாமானிலும் கை வைக்காமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், உங்கள் அக்காவை இன்னொரு முறை நிற்க வைத்துப் பார்க்கலாம் என்று போனேன். கைப்பிடி நான்கு டைல்ஸோடு கையில் வந்துவிட்டது. அவள் என் மேல் விழுந்தாள், நான் தரையில் விழுந்தேன். அவளுக்கு அடியில்லை, டாக்டர் வந்து பார்த்துவிட்டார். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை இருவரும் அப்படியே கிடந்தோம். கிடக்கும்போது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மூன்று வார்த்தை, சேர்ந்தாற்போல, தெளிவாக. விழுந்த நாளிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "எனக்கும்தான்" என்றேன். ஒரு மாதமாகச் சுவரைத் துளைத்தது எதற்கு என்று அப்போது எனக்கே புரிந்தது. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? அந்தப் பயம்தான். "தம்பி வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன். என் கையை அழுத்தினாள். விடவே இல்லை.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், சனிக்கிழமையே வாருங்கள். வண்டியில் பின் சீட்டு இரண்டு பேருக்குப் போதுமா? நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். உங்கள் வீட்டில் எந்தச் சுவரையும் தொட மாட்டேன்.