பாரிஸுக்கு நான் சொன்ன தூரம்

என் பெண்டாட்டி கோகிலாம்பாளைப் பாரிஸுக்கு அனுப்பறதில்லன்னு ஒருநாள் காலையில மாட்டுக்குப் பின்னாடி நின்னு முடிவெடுத்தேன். பின்னாடி நின்னது தப்பு. ஒரு உதை விழுந்தது. ஆனா முடிவு மாறல.

விஷயம் இதுதான். எங்க பொண்ணு அர்ச்சனா பாரிஸ்ல இருக்கா. தலைப்பிரசவம். சம்பந்தியம்மா அங்கேயே கூட இருக்காங்க. இருந்தாலும், “அம்மா ஒரு மாசம் வரட்டும்”னு பொண்ணு சொல்ல, விசாவும் எடுத்தாச்சு. டிக்கெட்டு மட்டும்தான் போடணும். கோகிலா கெளம்பிட்டா எங்க ஊரு மடுகரையில நானும் மாடும்தான். அது அவளைத் தவிர யாரையும் மடியில கை வைக்க வுடாது. நான் வைக்கிற ரசத்தை எனக்கே குடிக்க முடியாது. அதெல்லாம் கூடப் பரவாயில்ல. அவ சத்தம் கேக்காத வூட்ல என்னால ஒரு நாளு இருக்க முடியாது. இதை அவகிட்ட வாய்விட்டுச் சொன்னா என் கெத்து இன்னாவறது?

போன்ல தேடிப் பார்த்தேன். சென்னையில இருந்து பாரிஸ் எட்டாயிரம் கிலோமீட்டராம். நேரா பறந்தா பத்து மணி நேரம் சொச்சம். இது பத்தாதே! திருப்பதிக்கு நின்னுக்கினே போயிட்டு வந்தவ அவ. அதனால எல்லாத்தையும் ரெண்டா பெருக்கிட்டேன்.

“ஏ கோகிலா, பாரிஸ் எம்மாந்தூரம் தெரியுமா? பதினாறாயிரம் கிலோமீட்டரு!”

“அவ்ளோவா?”

“இருபது மணி நேரம் பிளைட்டு. காலை நீட்ட முடியாது.”

“ஐயய்யோ!”

“ஓரமா நிறுத்துப்பா, ஒரு டீ குடிச்சுட்டு வரேன்னு சொல்ல முடியுமா?”

“அதானே.”

கீரை ஆய்ஞ்சுக்கினு இருந்தவ கை அப்படியே நின்னுபோச்சு. முகமும் வாடிப்போச்சு. பாவமாதான் இருந்தது. ஆனாலும் நான் வுடல.

“அம்மாந்தூரம் போயி ஒரே மாசத்துல திரும்பறதுக்கு இன்னாத்துக்குப் போவணும்? யோசிச்சுப் பாரு.”

கீரையைத் தள்ளி வெச்சா. “நீங்க சொல்றதும் நியாயமாதாங்க இருக்கு.”

அடேயப்பா! கல்யாணமாகி இந்த வார்த்தையை இப்பதான் மொத தடவை கேக்கறேன். நேரா டீக்கடைக்குப் போனேன். “பொம்பளைங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்யா”ன்னு அங்க இருந்த கூட்டாளி சிவப்பிரகாசத்துக்குப் பாடம் எடுத்தேன். அவ மனசு தேறட்டும்னு சூடா நாலு போண்டாவும் வாங்கிக்கினு வூட்டுக்கு வந்தேன்.

அவ வாசல்லயே நின்னா. சிரிச்ச முகம்.

“டிக்கெட்டு போட்டாச்சுங்க.”

“இன்னா டிக்கெட்டு? அவ்ளோ தூரம்னு சொன்னேனே!”

“சொன்னீங்களே, அதை வெச்சுதான் போட்டேன். பக்கத்துல பாகூர்ல அக்கா வூட்டுக்குப் போனா சாயந்தரமே வந்துடறேன். கடலூர்ல சித்தி வூடுன்னா ரெண்டு நாளு. சென்னையில தம்பி வூடுன்னா ஒரு வாரம். பாரிஸுக்குப் போயிட்டு ஒரே மாசத்துல வந்து நின்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்க? விசா மூணு மாசம் இருக்கு. உங்களை நெனச்சுதான் ஒரு மாசம் போதும்னு சொல்லிக்கினு இருந்தேன். இப்ப நீங்களே பெரிய மனசு பண்ணிட்டீங்க. மூணு மாசமும் இருந்துட்டே வரேன்.”

கெத்தாவது ஒண்ணாவது!

“அடியே, நான் சொன்னது பொய்டி! எட்டாயிரம்தான்! பத்து மணி நேரந்தான்!”

கோகிலா போண்டாவைப் பிட்டு வாயில போட்டுக்கினா.

“அது தெரியும். அர்ச்சனா சொன்னா. எட்டாயிரம்ன்றதாலதான் மூணு மாசம். நீங்க சொன்ன தூரமா இருந்திருந்தா ஆறு மாசம் ஆயிருக்கும்.”